அத்தையின் இங்கிலீஷ் தட்டுகள்

வயதான காலத்தில் உட்கார்ந்து கேட்கத் தகுந்த பாட்டுகள் எவை என்று நம் பள்ளிக்கூட வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாக ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நீ மட்டும் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். கூச்சமாக இருந்தது, அதுதான். எனக்குப் பிடித்தவை சினிமாப் பாட்டுகள் இல்லை. ஜாஸ் என்றும் ஸ்விங் என்றும் சொல்கிறார்களே, பின்னால் ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டியோ, ஒரு பியானோவும் ஆளுயர வயலினும் மட்டுமோ வாசிக்க, ஒருவர் முன்னால் நின்று பாடும் இங்கிலீஷ் பாட்டு, அது. கள்ளக்குறிச்சியில் பிறந்தவளுக்கு இது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையைப் பற்றிச் சொன்னால் எங்கள் வீட்டை நானே காட்டிக்கொடுக்க வேண்டும். இத்தனை வருஷம் அதனால்தான் சொல்லவில்லை.

அப்பாவின் மைக் செட் கடை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கச்சிராயபாளையம் சாலையில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது எதுவானாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் புளியமரத்தில் ஏறும். ஆம்ப்ளிஃபயர் சூடேறும்போது தூசி கருகுகிற வாசனையும், தெருக்கோடி அரிசி ஆலையில் நெல் வேகிற வாசனையும் சேர்ந்து வந்தால் இப்போதும் எனக்கு வயது பத்து ஆகிவிடுகிறது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் அவளுக்கு இருபதுகூட ஆகியிருக்காது. பேச வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும், அந்த எழுத்தையே முட்டி முட்டி ஒருவழியாகக் கடப்பாள். கடந்துவிட்டால் மீதி வாக்கியம் சரியாகவே வரும். ஆனால் அதுவரை யாரும் இருக்க மாட்டார்கள். எதிரில் நிற்பவரே அவள் சொல்ல வந்ததை ஊகித்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பாதி நேரம் அந்த ஊகம் தப்பாக இருக்கும். அவள் தலையை ஆட்டிவிடுவாள்.

நம் வகுப்பில் சிலர் அவளைப் போலப் பேசிக் காட்டியது உங்களுக்கு மறந்திருக்கும். யாரென்று எழுதப் போவதில்லை. எல்லோரும் சின்னப் பிள்ளைகள். அவளோடு கடைவீதிக்குப் போக வேண்டியிருந்தால் நானே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வேன்.

பெண் பார்க்க வந்தபோது, பொண்ணுக்குக் கூச்சம் ஜாஸ்தி, பேச மாட்டாள் என்று அப்பா சொல்லியிருந்தார். உளுந்தூர்பேட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை ஒரே மகன். கல்யாணமாகிப் போன கொஞ்ச நாளிலேயே மாமியார்க்காரிக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. தலைதீபாவளிக்கு முன்பே அத்தையைத் தகரப் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். ஏமாற்றிவிட்டீர்கள் என்று தெருவில் நின்று சொன்னார்கள். அப்பா அன்று கடையைத் திறக்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. வெளியாட்கள் வந்தால் அத்தை பின்னறைக்குப் போய்விட வேண்டும். தப்பி யாராவது அவளிடம் ஏதாவது கேட்டுவிட்டால் பக்கத்தில் இருந்து நான் பதில் சொல்ல வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி ஆனேன். அவள் உதடு அசைவதற்குள் சொல்லிவிடுவேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுப்பார்.

கோடையில் அப்பா எங்கள் இருவரையும் மலைக்குக் கூட்டிப் போனார். வெள்ளிமலை பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்த வெளிநாட்டு டாக்டரம்மா, ஊருக்கே திரும்பிப் போகப் போவதாகவும் சாமான்களை விற்பதாகவும் கேள்விப்பட்டிருந்தார். ரிக்கார்டு பிளேயர் வாங்கப் போகிறேன் என்று தெருவில் சொன்னார். அத்தையின் நாக்கைக் காட்டத்தான் போகிறோம் என்பது வீட்டுக்கு மட்டும் தெரியும்.

வாடகை ஜீப்பில் அணையைத் தாண்டியதும் ஏற்றம். ரோடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அத்தை என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மேலே போனதும் காற்றே வேறாக இருந்தது. எங்கோ பலாப்பழம் உடைத்த வாசனை.

டாக்டரம்மா வெள்ளை நூல் சேலை கட்டி, காலில் செருப்பில்லாமல் நின்றிருந்தார். அத்தையை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். நாக்குக்கு அடியில் வெட்டிவிட வேண்டுமா என்று அப்பா கேட்டார். யாரோ அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

"நாக்கு நல்லா இருக்கு. வெட்ட வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. சொல்லைத் தேடித் தேடிப் பேசும் தமிழ். "இவங்க பேசும்போது நீங்க காத்திருங்க. முடிக்கட்டும். அவ்வளவுதான்."

மருந்து எழுதித் தருவார் என்று அப்பா இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு ரிக்கார்டு பிளேயரைப் பேசி முடிக்கப் போனார். அது வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அத்தை அதன் பக்கத்தில் போய் நின்றவள் நகரவே இல்லை. ஜீப்பில் சாமான் ஏற்றும்போது டாக்டரம்மா உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தார். வெயிலில் வைக்காதே என்று மட்டும் சொன்னார்.

இறங்கும்போது வழியெல்லாம் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "வைத்தியம் பாத்தியா? காத்துக்கினு இருக்கணுமாம். அதுக்கு எதுக்கு டாக்டரு?"

அத்தை பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

கல்யாண வீட்டில் இதையெல்லாம் போட முடியாது என்று அப்பா பெட்டியைத் தொடவில்லை. மலை ஈரத்தில் அட்டைகள் பூஞ்சை பிடித்து, பேர் போட்டிருந்த இடமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஆகவே யார் பாடியது என்று இன்றும் எனக்குத் தெரியாது. நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். மதியம் அப்பா சாமான்களோடு வெளியூர் போனதும் பின்னறையில் அத்தை ஒரு மெல்லிய வேட்டித் துணியால் தட்டைத் துடைப்பாள். முள்ளைக் கீழே வைப்பது என் வேலை.

வெள்ளைக் கையுறை போட்ட அம்மாள் ஒருத்தி. அட்டையில் அவள் கை மட்டும்தான் அரிபடாமல் மிஞ்சியிருந்தது. பின்னால் ஒரு பட்டாளமே ஊதுகிறது, முரசு விரட்டுகிறது, அவளுக்கு மட்டும் அவசரமே கிடையாது. வார்த்தை விழ வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது என்று நாம் பதறும்போது, பின்னாலேயே நடந்து வந்து வைப்பாள். தாளம் அவளுக்காக நிற்பது மாதிரி இருக்கும். கேட்க ஆரம்பிப்பவர்கள் இந்த மாதிரிக் குரலில் ஆரம்பியுங்கள். தாளத்தை நாம் வழக்கமாகத் தட்டுகிற இடத்தில் தட்டாமல், ஒன்றை விட்டு இரண்டில் தட்டுங்கள், மூன்றை விட்டு நான்கில் தட்டுங்கள். உடம்பு தானே ஆடும். அத்தை முதல் நாளே அப்படித்தான் தட்டினாள். எனக்கு அது பிடிபட ஒரு மாதம் ஆயிற்று.

மூன்று பெண்கள் ஒரே மூச்சில் பாடும் தட்டு ஒன்று இருந்தது. அக்கா தங்கைகளாகத்தான் இருக்க வேண்டும், குரல் அப்படி. அது சந்தோஷமான தட்டு. அம்மாகூட வந்து கதவோரம் நின்று கேட்பாள், கேட்காதது மாதிரி முறத்தில் எதையாவது பொறுக்கிக்கொண்டு. இன்னொன்றில் ஓர் ஆண். விரலைச் சொடுக்கிக்கொண்டு, காதருகில் ரகசியம் பேசுவது போலப் பாடுவான். அதை அத்தைக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்கு இப்போது பிடிக்கிறது. பிற்பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது கேட்க வேண்டியது.

அட்டையே இல்லாமல் வெறும் காகித உறையில் இருந்தது கடைசித் தட்டு. ஒரு பெண் பாதிப் பாட்டு வரை வார்த்தையோடு பாடுவாள். அப்புறம் வார்த்தையை விட்டுவிடுவாள். டுப்பா டிப்பி டீ, டபா டபா டபா டூ என்று, ஓர் எழுத்தையே பிடித்து உருட்டி, உடைத்து, திரும்பத் திரும்பச் சொல்லி, ஊதுகுழல்காரனோடு போட்டி போடுவாள். இந்த வகைக்கு ஸ்கேட் (scat) என்று பேர் இருப்பது எனக்குத் தெரியவந்தது நாற்பது வயதுக்குமேல். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். எங்கள் வீட்டில் எதை மறைக்கச் சொன்னார்களோ, ஓர் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, அதை ஒருத்தி மேடையேறிச் செய்கிறாள். ஆட்கள் கை தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலும் தட்டில் பதிவாகியிருந்தது.

அத்தை அதை எத்தனை நாள் மனசுக்குள் பாடிப் பார்த்தாளோ தெரியாது. ஒரு நாள் தட்டு ஓடும்போதே வாய்விட்டுப் பாடினாள். ப எழுத்திலும் ட எழுத்திலும்தான் அவளுக்கு எப்போதும் முட்டும். அந்த எழுத்துகளே அவள் வாயிலிருந்து சோளம் பொரிவது போல வந்தன. தட்டில் இருந்தவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அத்தை நிறுத்தாமல் தன் இஷ்டத்துக்குப் போய், சுற்றிக்கொண்டு, சரியாக வந்து சேர்ந்தாள். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. கண் திறந்தே இருந்தது. அவள் கண் அவ்வளவு பெரிது என்று அன்றுதான் பார்த்தேன்.

அப்பா அதைக் கேட்டது ஆனி மாதம். ரிக்கார்டு என்று நினைத்து, முள் தடுக்குகிறது போலிருக்கிறதே என்று உள்ளே வந்தார். தட்டு சுற்றவில்லை. அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. மறுநாள் ஒருவரை அழைத்து வந்து அவள் கையில் தாயத்துக் கட்டவைத்தார். பாட்டுதானே, இருந்துட்டுப் போகட்டுமே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். திக்குவாய் போதாது என்று பைத்தியம் என்ற பேரும் வர வேண்டுமா என்று அப்பா கேட்டார்.

ஆடி முடிந்ததும் உளுந்தூர்பேட்டையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். மாப்பிள்ளை வேறு கல்யாணத்துக்கு ஒப்பவில்லையாம். பேசி முடிக்க வருகிறார்களாம். மதிய பஸ்ஸுக்கு வருவதாகச் சொன்னவர்கள் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். அப்பா பலகாரம் வாங்கப் போயிருந்தார். மாமியாரும் கூட வந்த பெரியவரும் அம்மாவோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையான என் மாமா மட்டும் கடை வழியாகச் சுற்றி, பின்னறைச் சத்தம் கேட்டு அங்கே வந்து நின்றார். அத்தையும் நானும் அந்த வார்த்தையில்லாத தட்டைப் போட்டிருந்தோம். அவள் பாடிக்கொண்டிருந்தாள். மாமா வாசற்படியிலேயே நின்று முழுசாகக் கேட்டார்.

அவரைப் பார்த்ததும் அத்தை நிறுத்திவிட்டாள்.

"இன்னா பாட்டு இது? எந்தப் பாஷை?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பா... பா... பா..." அத்தையின் கண் மூடிக்கொண்டது. அவர் அசையவில்லை. உதவவும் இல்லை. "பாஷையே இல்ல."

மாமா சிரித்தார். அவளும் சிரித்தாள். "இன்னொரு தபா போடு," என்றார்.

நான் முள்ளை எடுத்து வைக்கும்போது அப்பா வந்துவிட்டார். பாட்டு தொடங்கியதும் ஓடி வந்து முள்ளை வெடுக்கென்று தூக்கினார். தட்டின் குறுக்கே ஒரு கோடு விழுந்த சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. மன்னிச்சிக்குங்க மாப்ள, வாங்க, கூடத்துக்கு வாங்க என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

கூடத்தில் மாமியார்க்காரி நேராகவே ஆரம்பித்தாள். திக்குவதை மறைத்தீர்கள், சரி, அதைக்கூட விட்டுவிடலாம். இப்போது வந்து பார்த்தால் பொண்ணு என்னவோ உளறிக்கினு கீது, நாலு பேர் வந்து சாப்பிடுகிற கடை எங்களுடையது, அங்கே வந்து இப்படிச் செய்தால் மானம் என்ன ஆகும் என்றாள். பேசட்டுமே அம்மா, அதனால் என்ன என்று மாமா மெதுவாகச் சொன்னார். பெரியவர் அவரை அடக்கினார்.

அப்பா எழுந்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எங்கள் அப்பா யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"அவ இனிமே வாயே தொறக்க மாட்டாளுங்க. பாட்டும் கெடையாது, பேச்சும் கெடையாது. ஊமைன்னு நெனச்சிக்குங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அத்தை கதவோரம் நின்றிருந்தாள். ஏதோ சொல்ல முன்னால் வந்தாள். "அ... அ... அண்ணே, நா... நா..."

"போதும்," என்றார் அப்பா. கெஞ்சுவது போலத்தான் சொன்னார். "போதும் தாயி."

எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மாமா மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மீதியைச் சொல்லவில்லை. திறந்த வாய் மெல்ல மூடியது. பொண்ணுக்குச் சம்மதமா என்று பெரியவர் மரியாதைக்காகக் கேட்டபோது, பழக்கத்தில் நான்தான் சம்மதம் என்றேன். சாயங்கால பஸ்ஸில் அவர்கள் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தட்டுகள் அடுத்த வாரமே போயின. கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இளகியதும் சொம்பின் மேல் கவிழ்த்து, ஓரத்தை அலையலையாக மடக்கிப் பூந்தொட்டி செய்வது அப்போது ஒரு நாகரிகம். அப்பா அத்தனையையும் அப்படிச் செய்து கடை முகப்பில் தொங்கவிட்டார். கறுப்பாகப் பளபளவென்று அழகாக இருக்கிறது என்று உங்களில் சிலர் கேட்டு வாங்கிப் போனீர்கள். ஒன்று எங்கள் சமையற்கட்டில் பூண்டு போட்டு வைக்க இருந்தது. அம்மா அதன் உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும்தான். வந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். தலையை ஆட்டுவாள், சிரிப்பாள், கைக்காரியம் செய்வாள். போகும்போது கும்பிடுவாள். மாமாவும் எதுவும் சொல்ல மாட்டார். என் தங்கச்சி மாதிரி அடக்கமான பொண்ணு உண்டா என்று அப்பா எல்லோரிடமும் சொல்லுவார். அந்தக் கடைக்காரர்கள் அவளை என்ன பாடு படுத்துகிறார்களோ, வாயில்லாப் பூச்சி என்று நாங்கள் உள்ளுக்குள் பரிதாபப்பட்டோம். அப்பா செத்தபோது பெண்களெல்லாம் கட்டிக்கொண்டு அழ, அவள் மட்டும் காலடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சக்காரி என்று யாரோ சொன்னார்கள். நான் சென்னையில் வேலை, குடும்பம் என்று ஆகிவிட்டேன். மாமா தவறியது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

போன மாதம் துக்கம் கேட்கலாம் என்று உளுந்தூர்பேட்டையில் இறங்கினேன். சொல்லாமல் போனேன். கடை இப்போது பெரிதாகியிருக்கிறது. சாப்பாட்டு நேரம், லாரிக்காரர்கள் கூட்டம். கல்லாவில் அத்தையின் மகன். என்னை உடனே அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. நான் சொல்லத் தொடங்குவதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. திக்கித் திக்கி, ஆனால் பயமே இல்லாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி, சாம்பாரில் புளி ஏறிவிட்டது என்று சமையல்காரரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் முட்டி நிற்கும்போது சமையல்காரர் கரண்டியைப் பிடித்தபடி பேசாமல் நின்றார். பரிமாறுகிற பையன்கள் நின்றார்கள். யாரும் அவள் வார்த்தையை முடித்துவைக்கவில்லை. அவள் முடித்ததும் ஒரு லாரிக்காரர் ஏதோ பதில் சொன்னார். அவரையும் விடவில்லை. கூடமே சிரித்தது.

நான் யாரென்று தெரிந்ததும் மகன் எழுந்து நின்றான். உங்க அம்மா பேசுவாங்களா என்று கேட்டுவிட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"இன்னா அத்தாச்சி இப்டிக் கேக்கறிங்க," என்றான். "பேசாத இருந்தாத்தான் எங்களுக்கு பயம். சின்னப்புள்ளயில எங்கள தூங்க வெக்கறப்ப ஒரு பாட்டு பாடுவாங்க. ஒரு வார்த்தையும் இருக்காது. அப்பாவுக்கு அதான் உசுரு." பிறகு கொஞ்சம் தயங்கினான். "உங்க வூட்டுக்கு வந்தா மட்டும் பேசவே மாட்டாங்க. அது உங்க வூட்டு மொறைன்னு அப்பா சொல்லுவாரு."

உள்ளே அழைத்துப் போனான். அத்தைக்குத் தலை முழுக்க நரை. சமையல்காரரிடம் பாதி வாக்கியத்தில் இருந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. சிரித்தாள். அதே தலையாட்டல். கையைப் பிடித்து உட்காரவைத்து இலை போட்டாள். சோறும் குழம்பும் வடையும் அவளே வைத்தாள். கூடத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. பையன்கள் என்னைப் பார்த்தார்கள், நான் என்ன செய்துவிட்டேன் என்பது போல.

நான் இந்தத் தடவை எதையும் பேசி நிரப்பவில்லை. மாமாவைப் பற்றிக் கேட்கவில்லை. அவளாகப் பேசட்டும் என்று சாப்பிட்டு முடித்த இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவளும் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய கண்ணில் வெறுப்பு ஒன்றும் இல்லை.

அப்புறம் மகன் பக்கம் திரும்பினாள்.

"அ... அ... அவங்களுக்கு ப... பஸ்ஸுக்கு நேரமாச்சி," என்றாள். "ஏ... ஏத்தி வுட்டுட்டு வா."

மகன் என் பையை எடுத்துக்கொண்டான். நான் எழுந்து கை கழுவப் போனேன்.